பிள்ளையார், கருங்கல், ஓர் உருப்படி

1

எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையார் மலேசிய அரசாங்கத்தின் சொத்து. பெருமைக்காகச் சொல்லவில்லை, அப்படித்தான் எழுதி ஒட்டியிருக்கிறது. பீடத்தின் பின்பக்கம் தீப்பெட்டி அளவில் வெள்ளி நிற ஸ்டிக்கர் ஒன்று. அதில் 'அரசாங்க உடைமை' என்று மலாய் மொழியில் போட்டு, பள்ளியின் குறியீட்டையும் வரிசை எண்ணையும் அச்சிட்டிருக்கிறார்கள். இதே ஸ்டிக்கர் வகுப்பறை மின்விசிறியிலும் தலைமையாசிரியையின் நாற்காலியிலும் கால்பந்துக் கம்பத்திலும் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒட்டியவர் என் கணவர்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் மணப்பாறைக்காரி. கல்யாணம் செய்துகொண்டு மலாக்காவுக்கு வந்தவள். டுரியான் துங்காலில் குடியிருக்கிறோம். பக்கத்தில் அணைக்கட்டும் பல்கலைக்கழகமும் இருக்கின்றன, ஆனால் கார் எடுக்காமல் ஒரு பாக்கெட் உப்பு வாங்க முடியாது. கணவர் தேவன் அரசாங்கத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் கிராணி. நம் ஊரில் குமாஸ்தா என்போமே, அதுதான். ஒரே மகள் யாழினி, அதே பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள்.

எனக்கும் ஒரு ஸ்டிக்கர் உண்டு. அது பாஸ்போர்ட்டில் இருக்கிறது. இன்னாருடைய மனைவி, இன்ன தேதிவரை இந்த நாட்டில் இருக்கலாம் என்று சொல்லும் ஸ்டிக்கர். வருடத்துக்கு ஒருமுறை ஆயர் குரோவில் உள்ள குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய் இந்த பாஸைப் புதுப்பிக்க வேண்டும். நிரந்தரமாகத் தங்க விண்ணப்பித்து வெகுகாலம் ஆகிறது. கேட்கும்போதெல்லாம் 'பரிசீலனையில் இருக்கிறது' என்று சிரித்த முகத்தோடு சொல்கிறார்கள். ஆகவே எனக்குக் கல்யாண நாள் ஒன்று, பிறந்த நாள் ஒன்று, பாஸ் முடியும் நாள் ஒன்று. முதல் இரண்டை தேவன் மறந்திருக்கிறார். மூன்றாவதை மறந்ததே இல்லை.

இந்த வருடம் பிள்ளையாருக்கும் எனக்கும் ஒரே மாதத்தில் சோதனை வந்தது.

2

பள்ளி முன்பு ரப்பர் தோட்டத்துக்குள் இருந்தது. தோட்டத்தை வீடு கட்ட விற்றபோது, பள்ளியை அரசாங்க நிலத்தில் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். மேசை, பெஞ்சு, கரும்பலகையோடு பிள்ளையாரும் லாரியில் வந்து இறங்கினார். வாசலை அடுத்த மரத்தடியில் நாலு கம்பியும் தகரமும் வைத்து ஒரு கூரை போட்டு உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து பிள்ளைகள் காலையில் அவரைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போவார்கள். பரீட்சை நாள் என்றால் தோப்புக்கரணத்துக்கு வரிசை நிற்கும்.

இந்த வருடம் கட்டடங்களைச் சரிபார்க்க ஓர் அதிகாரி வந்தார். பெயர் ஹலிம். இங்கே எல்லாரும் 'என்சிக் ஹலிம்' என்பார்கள், ஹலிம் ஐயா என்று வைத்துக்கொள்ளுங்கள். மெலிந்த, நிதானமான மனிதர். கையில் பள்ளியின் வரைபடம். கழிப்பறை இருக்கிறதா, இருக்கிறது. கொடிக்கம்பம் இருக்கிறதா, இருக்கிறது. ஒவ்வொன்றாக அடையாளம் போட்டுக்கொண்டே வந்தவர் மரத்தடியில் நின்றுவிட்டார்.

"இது என்ன?"

தலைமையாசிரியை சொன்னார். பெரிய டீச்சர் என்றுதான் ஊரே அவரைக் கூப்பிடும். அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறவர், அதனால் எதற்கும் பயம்.

"இது வரைபடத்தில் இல்லையே," என்றார் ஹலிம்.

அவர் கோபப்படவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். நம் ஊர்ப் பத்திரிகையில் இதை வேறு மாதிரி எழுதிவிடுவார்கள். பிள்ளையாருக்கு முன்னால் குடையைச் சாய்த்து வைத்திருந்தார் போல, அதைக்கூட எடுத்துத் தள்ளி வைத்தார். பிறகு வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். கட்டடம் என்றால் வரைபடத்தில் இருக்க வேண்டும். பொருள் என்றால் பள்ளியின் பதிவில் இருக்க வேண்டும். இரண்டிலும் இல்லாதது அரசாங்க நிலத்தில் இருக்கக் கூடாது.

"தாக் போலே," என்று முடித்தார்.

போலே என்றால் முடியும். தாக் போலே என்றால் முடியாது. இந்த நாட்டு அலுவலகங்களில் பிழைக்க இந்த இரண்டு சொல் போதும். அடுத்த மாதம் திரும்ப வருவேன், அதற்குள் ஒரு வழி செய்துவையுங்கள் என்று சொல்லிவிட்டு, தேநீரையும் குடித்துவிட்டுப் போனார்.

3

மணப்பாறையில் நான் படித்த அரசுப் பள்ளியிலும் வேப்ப மரத்தடியில் ஒரு பிள்ளையார் உண்டு. அவர் யார் நிலத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் மார்கழி மாதத்து மைக் செட் சத்தத்தில் காதில் விழுந்திருக்காது. அப்பா தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தார். ஆயுத பூஜையன்று பீரோவுக்கு, தட்டச்சு இயந்திரத்துக்கு, ஸ்டேப்ளருக்கு எல்லாம் சந்தனம் குங்குமம். அரசு அலுவலகத்தில் சாமி சமாச்சாரம் கூடாது என்று ஓர் உத்தரவு இருந்ததாம். அந்த உத்தரவைக் கட்டி வைத்திருந்த கோப்புக்கும் பொட்டு வைத்தோம் என்பார் அப்பா.

சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கிவிட்டால் எடுத்துப் படிக்கக் கூடாது என்பார்கள். சரஸ்வதியிடம் எனக்கு அசைக்க முடியாத பக்தி வந்தது அதனால்தான். என் வகுப்பில் ஃபாத்திமாவும் ஸ்டெல்லாவும் இருந்தார்கள். சுண்டலை அவர்களுக்கும்தான் கொடுத்தோம். ஆனால் அவர்களுக்கு அந்தப் பூஜை எப்படி இருந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. விமானம் ஏறி வந்து, நான் எண்ணிக்கையில் குறைந்த கூட்டத்துக்காரி ஆன பிறகுதான் தோன்றியது.

இங்கே எல்லாச் சாமிக்கும் ஓர் இட ஒதுக்கீடு இருக்கிறது. முஸ்லிம் ஆசிரியர்கள் தொழுவதற்கு எங்கள் பள்ளியில் ஒரு சின்ன அறை உண்டு. அது வரைபடத்தில் இருக்கிறது. பள்ளிக்கு எதிரே சாக்கடையை ஒட்டிச் சீனர்கள் வைத்த சிவப்புப் பெட்டிச் சாமி, தினமும் ஆரஞ்சுப் பழம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அது வரைபடத்தில் இல்லை, ஆனால் வேலிக்கு வெளியே. எங்கள் பிள்ளையார்தான் வேலிக்கு உள்ளேயும் வரைபடத்துக்கு வெளியேயுமாக மாட்டிக்கொண்டார்.

4

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் கூடியது. தலைவர் ராஜமாணிக்கம் அண்ணன். பக்கத்து ஊரான செங்கில் லாரி கொட்டகை வைத்திருப்பவர். பள்ளியை மாற்றியபோது இலவசமாக லாரி விட்டவர், அதை ஒவ்வொரு கூட்டத்திலும் நினைவுபடுத்துபவர்.

ஒருவர் சொன்னார், பிள்ளையாருக்குக் கீழே நாலு சக்கரம் வைத்துவிட்டால் அது கட்டடம் ஆகாது என்று. இன்னொருவர், நன்னெறிப் பாடத்துக்குப் பயிற்றுத் துணைப்பொருள் என்று சொல்லிவிடலாம் என்றார். அப்படியானால் வகுப்புக்கு வகுப்பு தூக்கிக்கொண்டு போக வேண்டுமே என்று நன்னெறி ஆசிரியர் பதறினார். சுற்றிலும் செம்பருத்தியும் மஞ்சள் செடியும் வைத்து மூலிகைத் தோட்டம் என்று பலகை மாட்டிவிடலாம் என்ற யோசனை பெரிய டீச்சருக்குப் பிடித்திருந்தது. கடைசியில் ராஜமாணிக்கம் அண்ணன் மேசையைத் தட்டினார்.

"ஏன் இவ்ளோ தொல்ல? நாளைக்கே லாரி அனுப்புறேன். நம்ம கொட்டகையில வெச்சிக்குவோம்லா. டயர் அடுக்குன எடத்த ஒதுக்கித் தாரேன்."

எல்லாரும் தலையாட்டினார்கள். அப்போதுதான் பின்வரிசையில் இருந்து தேவன் எழுந்தார். அவர் கூட்டத்தில் எழுந்தால் நல்லது நடந்ததில்லை.

"எடுத்துட்டுப் போக முடியாது டீச்சர். அவரு பதிவுல இருக்காரு."

"எந்தப் பதிவுல?"

"நம்ம சொத்துப் பதிவுல. சிலை, கருங்கல், ஓர் உருப்படி. வகை தளவாடம். நெலமை நன்று."

தளவாடம் என்றால் இங்கே மேசை, நாற்காலி. பெரிய டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அத வருஷா வருஷம் சரிபார்த்துக் கையெழுத்து போடுறது யாரு?"

"நீங்கதான் டீச்சர்."

"நான் படிச்சுப் பார்க்காமலா போட்டேன்?"

"அது எனக்குத் தெரியாது டீச்சர்."

தேவன் இதை விளையாட்டாகச் செய்யவில்லை. பள்ளி மாறிய நேரத்தில்தான் அவர் வேலைக்குச் சேர்ந்திருந்தார். லாரி ஏறியதில் பாதி சாமான் இறங்கவில்லை. பித்தளை மணி, தேக்கு அலமாரி, எடை பார்க்கும் தராசு, எதுவும் வந்து சேரவில்லை. எண் ஒட்டியவை மட்டும் வந்து சேர்ந்தன. ஆகவே கடைசி நடைக்கு முன்னால், காலையில் குளித்து முழுகிவிட்டுப் போய், பிள்ளையார் முகத்தில் படாமல் பீடத்தின் பின்னால் ஒட்டிப் பதிவிலும் ஏற்றிவிட்டார். இதைக் கூட்டத்தில் விளக்கப்போக, "அப்ப என் லாரியில திருடு போச்சுங்கிறியா தம்பி?" என்று ராஜமாணிக்கம் அண்ணன் எழுந்துவிட்டார். அவரை உட்கார வைக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

அரசாங்கப் பொருளை வெளியே கொண்டுபோக வேண்டுமானால் கழிவு செய்ய மேலே எழுதி அனுமதி வாங்க வேண்டும். அதற்கு என்னென்ன வழி என்று தேவன் மனப்பாடமாகச் சொன்னார். விற்கலாம், இனாமாகக் கொடுக்கலாம், வேறு இலாகாவுக்கு மாற்றலாம், எரிக்கலாம், புதைக்கலாம், கடலில் அமிழ்த்தலாம்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். "கடல்ல போடறதுதான் சரி. எங்க ஊர்ல சதுர்த்தி முடிஞ்சா கரைச்சிடுவோமே," என்றேன்.

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்தியாவிலிருந்து வந்தவள் பிள்ளையாரைக் கடலில் போடச் சொல்கிறாள். அது களிமண் பிள்ளையாருக்கு, இவர் கல் என்று நான் திருத்திக்கொள்வதற்குள் ராஜமாணிக்கம் அண்ணன் சொன்னார், "தங்கச்சி, கிளேபாங் கடல்ல மொழங்கால் தண்ணிதான். தேங்காய் ஷேக் குடிக்க வந்தவன் மறுநாளே தூக்கிட்டு வந்து நிப்பான்."

கூட்டம் கலைந்த பிறகு பெரிய டீச்சர் தேவனைத் தனியே கூப்பிட்டார். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

"ஸ்டிக்கரப் பிச்சிடுங்க தேவன். பதிவுல தவறா ஏறிடுச்சுன்னு கோடு போட்டு அடிச்சிடுங்க. சாமி அண்ணன் கொட்டகைக்குப் போகட்டும்."

"தவறா ஏறல டீச்சர். நான் தெரிஞ்சுதான் ஏத்துனேன். பொய்யா எழுத மாட்டேன்."

"சாமி செலைய அரசாங்கச் சொத்துன்னு எழுதி வெச்சா மேலேர்ந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். உங்க வேலைக்கே ஆபத்து. என் ஓய்வூதியத்துக்கும்தான்."

தேவன் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார். மனம் மாறவில்லை என்று அர்த்தம்.

5

அன்று வீட்டில் நடந்ததை முழுதும் எழுதினால் என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருக்காது. சுருக்கமாகச் சொல்கிறேன். என் பாஸைப் புதுப்பிக்க தேவன் வேலையில் இருக்கிறார் என்று கடிதம் வேண்டும். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் பெரிய டீச்சர். தேவனுக்கு வேலை போனால் என் பாஸுக்குப் பொறுப்பேற்க அவரிடம் சம்பளச் சீட்டு இருக்காது. இதையெல்லாம் நான் தட்டு சத்தத்தோடு எடுத்துச் சொன்னேன்.

"உங்களுக்குப் பிள்ளையார் முக்கியமா, நான் முக்கியமா?"

"ரெண்டு பேருக்கும் பேப்பர் சரியா இருக்கணும்," என்றார்.

அவர் பெரிய பக்திமானும் இல்லை. கோயிலுக்குப் போனால் நீங்கள் உள்ளே போங்கள், நான் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியே நின்று போன் பார்ப்பவர். அவருக்குச் சாமி எங்கே இருக்கிறார் என்பதில் அக்கறை இல்லை. எழுதியது எழுதியபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான். இப்படி ஒரு மனிதரைக் கட்டிக்கொண்டு வேறு நாட்டில் வாழ்வது எத்தனை பாதுகாப்போ அத்தனை எரிச்சல்.

யாழினி சாப்பாட்டு மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "ரப்பர் எங்கடி வெச்ச?" என்று பேச்சை மாற்றினேன்.

"ரப்பர்னா மரம்லா மா. இது அழிப்பான்." தலை நிமிராமலே சொன்னாள். "அது அடிக்கோல், ஸ்கேல் இல்ல. நீங்க தமிழ்நாட்டுலதான படிச்சீங்க?"

இது எங்கள் வீட்டில் அன்றாடம் நடப்பது. தமிழ் பிறந்த ஊரிலிருந்து வந்தவள் வாயைத் திறந்தால் ஆங்கிலம் கொட்டுகிறது. இங்கே பிறந்த என் மகள், பள்ளியில் கற்றுக்கொடுத்த நல்ல தமிழில் என்னைத் திருத்துகிறாள். திருத்திவிட்டு வெளியே போய்த் தோழிகளோடு மலாயும் ஆங்கிலமும் தமிழும் கலந்து நான் பாதிதான் புரிந்துகொள்ளும் ஒரு மொழியில் சிரிக்கிறாள். நாலு பேர் இருக்கும் இடத்தில் நான் பேசினால் என் கையைக் கிள்ளுவாள். "மாலு-லா மா," என்பாள். வெட்கமாக இருக்கிறதாம்.

போன வருடமும் ஆயர் குரோவுக்கு அவளை அழைத்துப் போயிருந்தோம். முகப்பில் இருந்த பெண் அதிகாரி என்னிடம் மலாயில், உங்களுக்குப் பொறுப்பாளர் யார் என்று கேட்டார். கணவர் என்பதற்கு 'சுவாமி' என்று மலாயில் சொல்ல வேண்டும். பதற்றத்தில் 'செமுவா' என்றேன். அப்படியென்றால் எல்லாரும். எனக்கு எல்லாரும் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தேவனும் சிரித்தார். யாழினி மட்டும் சிரிக்கவில்லை. காது சிவந்துபோய் நின்றாள்.

காரில் திரும்பும்போது சொன்னாள், "அடுத்த வருஷம் நீங்க பேசாதீங்க மா. நான் பேசுறேன்."

என்னைப் பார்த்து வெட்கப்படும் அளவுக்கு மகள் வளர்ந்துவிட்டாள் என்று அன்று முழுக்க நினைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

6

ஹலிம் வருவதற்கு முந்தைய சனிக்கிழமை பள்ளியில் கோத்தோங் ரோயோங். பெற்றோரெல்லாம் கூடிப் புல்வெட்டிச் சுத்தம் செய்யும் நாள். நான் துடைப்பத்தோடு இன்னும் இரண்டு பொருள் எடுத்துப் போனேன். ஒரு சின்னப் புட்டியில் தேங்காய் எண்ணெய், பழைய கரண்டி ஒன்று. தேவன் பிய்க்க மாட்டார். பிய்ந்துபோய் இருந்தால் அவர் என்ன செய்ய முடியும்? அதுதான் என் திட்டம்.

எல்லாரும் திடல் பக்கம் இருந்தார்கள். நான் மரத்தடியில் பிள்ளையாருக்குப் பின்னால் உட்கார்ந்து, மன்னிச்சுக்கோப்பா என்று சொல்லிவிட்டு ஸ்டிக்கரின் ஓரத்தில் எண்ணெய் தடவினேன். நல்ல பசை. இத்தனை வருட பால், பன்னீர், மழைக்கும் அசையவில்லை. கரண்டிக் காம்பை நுழைத்து நெம்பியதும் ஒரு மூலை மட்டும் எழும்பியது.

"அம்மா!"

யாழினி. கையில் குப்பை வாரும் முறம். என்னையும் கரண்டியையும் பார்த்தாள். திட்டப்போகிறாள், மாலு என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிக்காதீங்க மா. பிச்சிட்டா அவர அனுப்பிடுவாங்க."

"ராஜமாணிக்கம் மாமா கொட்டகைக்குத்தான் போவாரு. செங் பக்கந்தான?"

"ஸ்டிக்கர் இல்லாட்டி அனுப்பிடுவாங்கதான. நீங்கதான சொல்வீங்க." அழத் தொடங்கிவிட்டாள். "சீக்கிரம் கார்ல ஏறு, லேட்டாப் போனா ஸ்டிக்கர் குடுக்க மாட்டாங்க, அம்மாவ ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு."

சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் அவளைக் கிளப்பச் சொல்லியிருக்கிறேன். பல் தேய்க்காவிட்டால் பூச்சி வரும் என்று சொல்வதுபோலத்தான் சொன்னேன்.

"நெசமாவா நெனச்ச?"

"உங்க பாஸ்போர்ட்ட அலமாரியில எடுத்து தேதி பார்ப்பேன். முடியப்போகுதுன்னா இவர்கிட்ட சொல்வேன்." பிள்ளையாரைக் கைகாட்டினாள். "நீங்க அங்க போயி தப்புத்தப்பா பேசுனா ஸ்டிக்கர் குடுக்காம போயிட்டா? அதான் நான் பேசுறேன்னு சொன்னேன்."

வெட்கம் என்று நான் எண்ணி மனம் நொந்துகொண்டிருந்தது வெட்கமே இல்லை. பயம். ஐந்தாம் ஆண்டு படிக்கும் பிள்ளை, அம்மாவின் காலாவதித் தேதியை அலமாரியில் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டு வளர்ந்திருக்கிறாள். எனக்கு அது தெரியவே தெரியாது. அவளைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து நானும் அழுதேன். அந்தப் பக்கம் வந்த ஓர் அம்மா, பிள்ளையார் போகப்போகிறாரே என்று அழுகிறார்கள் என நினைத்து அவரும் எங்களோடு உட்கார்ந்து அழுதார்.

முந்தானையால் எண்ணெயைத் துடைத்துவிட்டு, எழும்பிய மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன். பிறகு இருவரும் போய்க் குப்பை அள்ளினோம்.

7

திங்கட்கிழமை ஹலிம் வந்தார். பெரிய டீச்சர் தன் மூலிகைத் தோட்டத்தைத் தயார் செய்து வைத்திருந்தார். செம்பருத்தித் தொட்டி, மஞ்சள் தொட்டி, கற்பூரவல்லித் தொட்டி. நடுவில் பிள்ளையார் திருநீறு இல்லாமல், பூ இல்லாமல், முகம் கழுவிய கையோடு வேலை நேர்காணலுக்கு வந்தவர்போல இருந்தார். பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ராஜமாணிக்கம் அண்ணன் வேலிக்கு வெளியே லாரியோடு நின்றார். நான் சிற்றுண்டிச்சாலையில் காய் நறுக்க உதவ வந்தவளாக நின்றேன்.

ஹலிம் தொட்டிகளைச் சுற்றி வந்தார். "செடி அழகாக இருக்கிறது. சிலையை என்ன செய்தீர்கள்?" என்று மலாயில் கேட்டார். பெரிய டீச்சர் வாயைத் திறப்பதற்குள் தேவன் முன்னே போய்விட்டார்.

"துவான், அவர் பதிவில் இருக்கிறார்."

துவான் என்றால் ஐயா. ஒரு தொட்டியை நகர்த்திவிட்டு ஸ்டிக்கரைக் காட்டினார். ஹலிம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எண்ணைப் படித்தார். பதிவை வாங்கி எண்ணை ஒப்பிட்டார். அந்த நேரத்தில் என் கையில் இருந்த முள்ளங்கியை எத்தனை துண்டாக நறுக்கினேன் என்று எனக்கே தெரியாது.

"யார் ஒட்டியது?"

"நான்தான்."

"ஏன்?"

"ஒட்டாத சாமான் வந்து சேரவில்லை, துவான். இவராவது வந்து சேரட்டும் என்று ஒட்டினேன்."

ஹலிம் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். பிறகு விரல் விட்டுச் சொன்னார். பொருள் பதிவில் இருக்கிறது. நல்ல நிலையில் இருக்கிறது. பொருளை ஒன்றும் சொல்வதற்கில்லை. இந்தத் தகரக் கூரைதான் கட்டடம். அது வரைபடத்தில் இல்லை. அது மட்டும் தாக் போலே. கூரையைப் பிரித்துவிட்டு, பொருளை வரைபடத்தில் இருக்கும் ஒரு கட்டடத்துக்குள் வையுங்கள். வரைபடத்தை விரித்துப் பக்கத்தில் எது என்று பார்த்தார். வாசல் காவலாளியின் குடில்.

"போலே," என்றார். "அங்கே வைத்துக்கொள்ளலாம்."

வேலிக்கு அப்பாலிருந்து ராஜமாணிக்கம் அண்ணனின் சிரிப்பு வெடித்தது. பெரிய டீச்சருக்கும் அடக்க முடியவில்லை. ஹலிம் விழித்தார். பெரிய டீச்சர்தான் அவருக்கு மலாயில் விளக்கினார். இவருடைய முதல் வேலையே அதுதான், அம்மா குளிக்கப் போனபோது வாசலில் காவலுக்கு நிற்க வைத்தார், வந்தவர் அப்பா என்று தெரியாமல் உள்ளே விட மறுத்துவிட்டார், அதில்தான் தலை போய் யானைத் தலை வந்தது.

ஹலிம் கவலையோடு கேட்டார், "பெற்றோர் வந்தால் உள்ளே விடுவார்தானே?"

"பெயரை எழுதி வாங்கிக்கொண்டு விடுவார்," என்றார் பெரிய டீச்சர். அவர் கேலி பேசி அத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை.

போகும் முன் ஹலிம் ஒன்றைத் திருத்தச் சொன்னார். தளவாடம் என்ற வகை தவறு, தளவாடம் என்றால் யாராவது மேலே உட்காரலாம் என்று ஆகிவிடும். அவரும் தேவனும் தலையோடு தலை முட்டிக்கொண்டு வகைகளைத் தேடினார்கள். கடைசியில் தீயணைப்புக் கருவியும் கண்காணிப்புக் கேமராவும் இருந்த வகையில் பிள்ளையாரைச் சேர்த்தார்கள். பாதுகாப்புச் சாதனம். பூஜையை வகுப்பு நேரத்தில் வேண்டாம் என்றும் சொன்னார், அது நியாயம்தான்.

அன்றே லாரிக்காரர்கள் பிள்ளையாரைத் தூக்கிக் குடிலில் வைத்தார்கள். காவலாளி முத்தையா அங்கிள் தன் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார். "தொணைக்கு ஒரு ஆள் வேணும்னு எவ்ளோ நாளா கேட்டுக்கிட்டு இருக்கேன். இப்பதான்லா அனுப்பியிருக்காங்க," என்றார்.

பெரிய டீச்சர் தேவனின் வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இந்த முறை ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்தாராம்.

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது என் பாஸுக்கான தாள்களையெல்லாம் தேவன் மேசையில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். யாழினி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ப்பா, அம்மாவையும் உங்க பதிவுல ஏத்திருங்களேன்."

தேவன் சிரித்தார். "எந்த வகையில ஏத்துறது?"

"எந்த வகையாச்சும். ஏத்திட்டா யாரும் வெளிய எடுத்துட்டுப் போக முடியாதுதான?"

"பதிவுல ஏத்துனா வருஷா வருஷம் ஆளு வந்து சரிபார்ப்பாங்கமா. உங்கம்மா அதுக்கெல்லாம் ஒத்துக்க மாட்டா."

"இப்ப மட்டும் வருஷா வருஷம் பார்க்கலையா?" என்றாள் யாழினி. "இப்ப, அம்மா எப்ப போவாங்கன்னு பார்க்குறாங்க. உங்க பதிவுல, அம்மா இருக்காங்களான்னு பார்ப்பாங்க."